சாவி எல்லார் கையிலும் இருக்கு... உங்க டேட்டாபேஸ் பத்திரமா?

பக்கத்துத் தெரு டிபன் சென்டருக்கு ஆர்டர் எடுக்கும் ஆப் ஒன்று செய்து தர வேண்டும். சனிக்கிழமை காலையில் உட்கார்ந்தால், ஏ.ஐ. உதவியோடு ஞாயிறு சாயங்காலத்துக்குள் ஆப் ரெடி. வாடிக்கையாளர் பெயர், போன் நம்பர், முகவரி எல்லாம் திரையில் அழகாக வருது. சந்தோஷம்தான். ஆனால், அந்தப் பட்டியலை முன்பின் தெரியாத ஒருவர் மொத்தமாக அள்ளிக்கொண்டு போக முடியுமா? இந்தக் கேள்வியை நம்மில் பலர் கேட்பதே இல்லை.

இது எப்படி வேலை செய்யுது?

ரிலேஷனல் டேட்டாபேஸ் என்பது அட்டவணைகளின் தொகுப்பு. வாடிக்கையாளருக்கு ஓர் அட்டவணை, ஆர்டருக்கு இன்னொன்று, இரண்டையும் இணைக்க ஒரு ஐடி. ஐ.பி.எம். ஆய்வாளர் எட்கர் காட் 1970-ல் முன்வைத்த யோசனை இது. இதனிடம் கேள்வி கேட்கும் மொழிதான் எஸ்.க்யூ.எல்.

வழக்கமாக பிரவுசர் நேராக டேட்டாபேஸிடம் பேசாது. நடுவில் ஒரு சர்வர் இருக்கும். யாருக்கு எதைக் காட்டலாம் என்று முடிவு செய்யும் புரோகிராம் அங்கேதான் ஓடும். 2020-ல் தொடங்கப்பட்ட சூப்பாபேஸ் போன்ற சேவைகளில், அந்த நடு சர்வரை நாம் எழுத வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. அடியில் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ், மேலே ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கிளையன்ட் லைப்ரரி.

இதில் எஸ்.க்யூ.எல். எழுத வேண்டாம். ‘ஃப்ரம்’ என்று சொல்லி அட்டவணையின் பெயரைக் கொடுக்கணும். ‘செலக்ட்’ என்று சொல்லி எந்தெந்தத் தகவல் வேண்டும் என்று குறிக்கணும். ‘ஈக்யூ’ என்று சொல்லி நிபந்தனை போடணும். இந்த மூன்றையும் வரிசையாகக் கோத்தால் ஒரு கேள்வி தயார். லைப்ரரி அதை ஒரு சாதாரண இணையக் கோரிக்கையாக மாற்றி அனுப்பும். மறுமுனையில் போஸ்ட்கிரெஸ்ட் என்ற மென்பொருள் அதை எஸ்.க்யூ.எல். ஆக்கி டேட்டாபேஸிடம் கொடுக்கும். பதில் ஜேசன் வடிவில் திரும்பி வரும். அவ்வளவுதான்!

அப்போ சிக்கல் எங்கே?

கோரிக்கை பிரவுசரில் இருந்து போவதால், அதோடு போகும் ‘அனான் கீ’யும் பிரவுசரில்தான் இருக்கும். (புதிய புராஜெக்ட்களில் இதற்கு ‘பப்ளிஷபிள் கீ’ என்று பெயர்.) டெவலப்பர் டூல்ஸைத் திறக்கத் தெரிந்த யாருக்கும் அது கண்ணில் படும். இது தவறு இல்லை. அந்தக் கீயை வடிவமைத்ததே அப்படித்தான். ஆனால், கேட்டில் ஆள் இல்லாதபோது ஒவ்வோர் அறைக்கும் தனிப் பூட்டு வேணும் இல்லையா? அந்தப் பூட்டுதான் ‘ரோ லெவல் செக்யூரிட்டி’, சுருக்கமாக ஆர்.எல்.எஸ்.

இது சூப்பாபேஸின் கண்டுபிடிப்பு அல்ல. 2016 ஜனவரியில் வெளியான போஸ்ட்கிரஸ் 9.5-லேயே வந்துவிட்ட வசதி. ‘லாகின் செய்தவரின் ஐடியும் ஆர்டரில் உள்ள ஐடியும் ஒன்றாக இருந்தால் மட்டும் காட்டு’ என்று அட்டவணைக்கே விதி எழுதலாம். கேள்வி எந்த வழியாக வந்தாலும் டேட்டாபேஸ் அந்த விதியைப் பார்த்துத்தான் பதில் சொல்லும்.

ஜாவாஸ்கிரிப்டில் ‘ஈக்யூ’ போட்டிருக்கோமே, போதாதா என்று கேட்கலாம். போதாது. அது நாம் வைக்கும் வேண்டுகோள் மட்டுமே. வேறொருவர் அந்த நிபந்தனையை நீக்கிவிட்டு அதே கோரிக்கையை அனுப்பினால், விதி இல்லாத அட்டவணை எல்லா வரிசைகளையும் கொடுக்கத் தொடங்கிவிடும்.

குழம்ப வைக்கும் ‘காலி’ பதில்

ஆர்.எல்.எஸ். ஆன் செய்து, விதி எதுவும் எழுதாமல் விட்டால் என்ன ஆகும்? ‘செலக்ட்’ கேட்டால் எரர் வராது. காலிப் பட்டியல்தான் வரும். கோடில் தப்போ என்று மணிக்கணக்கில் தேடி, கடைசியில் வெறுத்துப்போய் ஆர்.எல்.எஸ்.ஸையே ஆஃப் செய்துவிடுவார்கள். ஆபத்து பெரும்பாலும் இங்கேதான் தொடங்குது. காலிப் பதில் வந்தால் ஆஃப் செய்யாதீங்க, விதியை எழுதுங்க.

லைவ் போகும் முன் இவற்றைப் பாருங்க

* எல்லா அட்டவணையிலும் ஆர்.எல்.எஸ். ஆன் ஆகியிருக்கா? குறிப்பாக, எஸ்.க்யூ.எல். எடிட்டரில் நேரடியாக உருவாக்கியவற்றை ஒன்றுவிடாமல் பாருங்க.

* ‘சர்வீஸ் ரோல் கீ’ பிரவுசர் கோடில் எங்காவது இருக்கா? அது ஆர்.எல்.எஸ். விதிகளைத் தாண்டிப் போகும் மாஸ்டர் சாவி. சர்வரைத் தாண்டி வெளியே வரவே கூடாது.

* பதிலில் ‘டேட்டா’, ‘எரர்’ என இரண்டு பகுதி வரும். தவறு நடந்தாலும் புரோகிராம் நிற்காமல் ஓடலாம் என்பதால், ‘எரர்’ பகுதியை ஒவ்வொரு முறையும் பாருங்க.

* லாகின் செய்யாமல் ஒருமுறை, வேறொரு கணக்கில் ஒருமுறை கேட்டுப் பாருங்க. அடுத்தவர் ஆர்டர் தெரிந்தால் லைவ் போகாதீங்க.

2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க வழி செய்கிறது. சின்ன ஆப்புக்கு அவ்வளவு பெரிய தொகை வராது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால், இட்லி ஆர்டர் செய்த ஒரு பெண்ணின் போன் நம்பரும் வீட்டு முகவரியும் யாரோ ஒருவர் கைக்குப் போய்விட்டால், அதைத் திரும்ப வாங்க எந்த அபராதத்தாலும் முடியாது. விதி எழுத அரை மணி நேரம் ஆகலாம். ஞாயிறு சாயங்காலம் அந்த அரை மணி நேரத்தையும் சேர்த்தே ஒதுக்குங்க.