பழைய வாகனத்துக்குப் புதிய கியர்ப்பெட்டி: நன்மையும் நிபந்தனையும்

2020 ஆம் ஆண்டு மார்ச் மாதம் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 ஆம் ஆண்டிலேயே படிப்படியாக மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்களைத் திருத்தி ஓட்டுவதைத் தவிர எமது மக்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. வாகனங்களின் விலை இன்றும் சாதாரண மனிதனுக்கு எட்டாத உயரத்திலேயே உள்ளது. இத்தகையதொரு சூழ்நிலையில், பழைய லொறிகளுக்குப் புதிய தானியங்கிக் கியர்ப்பெட்டி பொருத்தும் அமெரிக்கர்களின் அனுபவத்தை நோக்குவது பயனுடையது எனக் கருதுகின்றோம்.

அமெரிக்காவில் 1970களில் தயாரிக்கப்பட்ட செவர்லே பிக்அப் லொறிகள் பலவற்றில் 1969 இல் அறிமுகமான டேர்போ ஹைட்ராமெட்டிக் 350 என்ற கியர்ப்பெட்டி இருந்தது. அதற்கு மூன்று கியர்கள் மாத்திரமே உண்டு. 1973 ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னர் எரிபொருள் சிக்கனம் தவிர்க்க முடியாத தேவையாயிற்று. ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் 1982 இல் 700ஆர்4 எனும் நான்கு கியர்ப் பெட்டியை வெளியிட்டது. பழைய லொறி உரிமையாளர்கள் பலர் நாடுவது இதனையே.

இதனால் கிடைக்கும் நன்மையை எளிய கணக்கினால் விளக்கலாம். பழைய பெட்டியின் முதல் கியர் விகிதம் 2.52, புதியதில் அது 3.06. அதாவது சுமையுடன் புறப்படும்போது சில்லுகளுக்குக் கிடைக்கும் இழுவை ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலாக அதிகரிக்கின்றது. ஓவர்டிரைவ் எனப்படும் நான்காவது கியரின் விகிதம் 0.70 ஆகும். முன்னர் நிமிடத்துக்கு 3000 தடவை சுழன்ற எஞ்சின், அதே வேகத்தில் இப்போது 2100 தடவை சுழன்றால் போதும். எரிபொருள் மிஞ்சுகின்றது; இரைச்சலும் தேய்மானமும் குறைகின்றன.

ஆனால், பெட்டியைக் கழற்றி மற்றொன்றைப் பூட்டுவதுடன் வேலை முடிந்துவிடுவதில்லை. புதிய பெட்டியின் நீளத்துக்கேற்பச் சட்டத்தின் குறுக்குத் தாங்கியை இடம் மாற்றவும், புரொப்பெல்லர் ஷாப்டின் நீளத்தைச் சரிசெய்து சமநிலைப்படுத்தவும் வேண்டி நேரலாம். சமநிலை தவறினால் வேகமாக ஓடும்போது முழு வாகனமும் அதிரும்.

இவற்றைவிட முக்கியமானது ஒரு சிறிய கம்பி. 700ஆர்4 பெட்டியையும் காபரேட்டரையும் இணைக்கும் இந்தக் கேபிளே, அக்சிலரேட்டர் அழுத்தப்படும் அளவுக்கேற்பப் பெட்டிக்குள் ஓயில் அழுத்தத்தை உயர்த்துகின்றது. அது பிழையாகச் சரிசெய்யப்படின், அழுத்தம் போதாமல் கிளட்ச் தட்டுகள் வழுக்கி, குறுகிய காலத்தில் கருகிவிடும். பெட்டி தரமற்றது என்று பலர் குறைகூறும்போது, உண்மையில் குற்றவாளி இந்தக் கேபிளாக இருப்பதுண்டு. 1993 இல் வந்த 4எல்60ஈ பெட்டியில் இக்கேபிள் இல்லை. எனினும் அதனை இயக்குவதற்குத் தனியான மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவி அவசியம்.

அடுத்த எதிரி வெப்பம். டோர்க் கொன்வேர்ட்டரை உயர் வேகத்தில் பூட்டிப்பிடிக்கும் மின் இணைப்பு 700ஆர்4 பெட்டியில் உண்டு. பழைய லொறியில் அதற்கான வயர்கள் இல்லை. அதனைச் செய்யாது விட்டால் ஓவர்டிரைவில் ஓயில் சூடேறும். பாரம் ஏற்றுவோர் மேலதிகக் குளிரூட்டி பொருத்துவதும், மலைப்பாதையில் ஓவர்டிரைவைத் தவிர்ப்பதும் அவசியமாகும்.

உயிருடன் சம்பந்தப்பட்ட விடயத்தையும் இங்கு சுட்டிக்காட்ட விரும்புகின்றோம். கியர் நெம்புகோலின் இணைப்புகள் புதிய பெட்டியுடன் சரியாகப் பொருந்தாவிடின், "பார்க்" நிலையில் விடப்பட்டதாகத் தோன்றும் வாகனம் உண்மையில் அந்நிலையில் இல்லாதிருக்கலாம். போர்ட் வாகனங்கள் "பார்க்" நிலையிலிருந்து "ரிவர்ஸ்" நிலைக்கு நழுவுவதாக எழுந்த முறைப்பாடுகள் மீதான அமெரிக்க அரசின் விசாரணை, 1980 இல், இரண்டு கோடிக்கும் மேற்பட்ட வாகனங்களின் உரிமையாளர்களுக்கு எச்சரிக்கை ஸ்டிக்கர்கள் அனுப்புவதென்ற இணக்கத்துடன் முடிவுற்றது. தொழிற்சாலையிலிருந்து வந்த வாகனங்களைப் பற்றியே இவ்வளவு கவலை எழுந்ததென்றால், கராஜில் மாற்றியமைக்கப்படும் வாகனத்தில் எத்தகைய அவதானம் தேவை என்பதை விளக்க வேண்டியதில்லை. கியர் விழுந்திருக்கையில் எஞ்சின் இயங்கத் தொடங்காதவாறு தடுக்கும் சுவிட்சும் மறவாது பொருத்தப்பட வேண்டும். கைபிரேக்கும் நம்பத்தக்கதாக இருத்தல் வேண்டும்.

எமது நாட்டில் ஓடுவன பெரும்பாலும் ஜப்பானிய, இந்திய வாகனங்கள் என்பதால் பெட்டிகளின் பெயர்கள் வேறுபடும், விதிகள் வேறுபடா. மலிவாகக் கிடைத்தது என்பதற்காகப் பாவித்த பெட்டியொன்றை வாங்க முன்னர் அது எந்த எஞ்சினுக்கு உரியது, அதனைக் கட்டுப்படுத்தும் கருவியும் உடன் கிடைக்குமா, குளிரூட்டலுக்கு என்ன ஏற்பாடு என்பவற்றை விசாரித்தறிதல் வேண்டும். கியர்ப்பெட்டியின் விலையை மாத்திரம் கணக்கிட்டு இறங்குபவர், இறுதியில் இரு பெட்டிகளின் விலையைச் செலுத்த நேரிடும். பழையதைப் பேணுவது சிக்கனமே. ஆயினும் அரைகுறையாகச் செய்யப்படும் சிக்கனம், சாரதிக்கு மட்டுமன்றி வீதியில் செல்லும் ஏனையோருக்கும் ஆபத்தாக முடியும் என்பதை நாம் மறந்துவிடலாகாது.