தேசூர் வட்டாரத்தில் பனிக்காலக் காய்ச்சல்கள்

தேசூர், திருவண்ணாமலை மாவட்டம் வந்தவாசி வட்டத்தில் அமைந்துள்ள பேரூராட்சி. ஆரணிப் பட்டு என்ற பெயரில் அறியப்படும் சேலைகள் நெய்யப்படும் ஊர்களுள் இதுவும் ஒன்று. ஊரைச் சுற்றி வயல்களும் ஏரிகளும் புதர்க்காடுகளும் உள்ளன. தமிழ் மரபு ஐப்பசி, கார்த்திகையைக் கூதிர் காலம் என்றும், மார்கழி, தையை முன்பனி என்றும், மாசி, பங்குனியைப் பின்பனி என்றும் பிரிக்கிறது. இவ்வட்டாரத்தில் கூதிர் தொடங்கி முன்பனி முடியும் வரை காய்ச்சல் நோயாளிகளின் எண்ணிக்கை உயர்ந்திருக்கும். இங்குக் குளிர் கடுமையானதன்று. வடகிழக்குப் பருவமழையை அடுத்து வரும் ஈரமும், தேங்கிய நீரும், வளர்ந்து நிற்கும் புல்லும் புதருமே நோய்க்கு இடம் தருகின்றன.

நெசவாளர் வீடும் மழைக்காலமும்

பட்டு நெசவில் பெரும்பாலும் குழித்தறியே பயன்படுகிறது. நெசவாளர் தரைமட்டத்தில் அமர்ந்து, கால்களைக் குழிக்குள் இறக்கி மிதிகட்டையை மிதிக்கிறார். மழைக்காலத்தில் நிலத்தடி ஈரம் இக்குழியில் கசியும். தாழ்வான வீடுகளில் தண்ணீரே ஊறிவிடும். ஈரக்காற்றில் பாவு இழைகள் தளரும், ஜக்கார்டு அட்டைகள் நமுத்துப்போகும். தெருவில் பாவு நீட்டும் வேலையும் நின்றுவிடும். கூலி சேலைக் கணக்கில் கிடைப்பதால், தறி நின்ற நாளுக்கு வருமானம் இல்லை.

இந்த வருமான இழப்புக்கும் உடல்நலத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. மழையில் சில நாள்களை இழந்த குடும்பம், காய்ச்சல் வந்தவுடன் மருத்துவமனைக்குச் செல்ல இன்னொரு நாளை இழக்கத் தயங்கும். கடையில் ஒரு பாராசிட்டமால் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டுத் தறியில் அமர்வது வழக்கம். சாதாரண வைரஸ் காய்ச்சல் என்றால் அதுவே போதும், சில நாளில் தணிந்துவிடும். ஆனால் இப்பருவத்தில் வரும் காய்ச்சல்களுள் சில, இவ்வாறு கடத்தப்படும் நாள்களில்தான் முற்றுகின்றன.

டெங்கு, எலிக்காய்ச்சல்

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. ஓரளவு தெளிந்த நீரில் முட்டையிடுவது. மூடாத தொட்டி, பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை, பயன்படாத தறிக்குழியில் ஊறி நிற்கும் நீர் ஆகிய எல்லாம் அதற்குப் போதும். முட்டை கொசுவாக மாற ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். எனவே வாரம் ஒருமுறை நீரை இறைத்துக் குழியையும் பாத்திரங்களையும் உலர விடுவது பயன் தரும். நாள் முழுவதும் வீட்டுக்குள் அமர்ந்து வேலை செய்பவர் என்பதால், பகல் கொசு நெசவாளரைக் கடிக்க வாய்ப்பு அதிகம். டெங்குவில் காய்ச்சல் தணியும் நேரமே கவனம் தேவைப்படும் நேரம். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, இரத்தக்கசிவு, மிகுந்த சோர்வு ஆகியவை தோன்றினால் தாமதிக்கக் கூடாது. நிலவேம்புக் குடிநீர் அருந்துவோர் உண்டு. அது இரத்தப் பரிசோதனைக்கு மாற்று ஆகாது.

எலிக்காய்ச்சல் என்னும் லெப்டோஸ்பைரோசிஸ், எலி முதலியவற்றின் சிறுநீர் கலந்த நீரில் வெறுங்காலுடன் நிற்போருக்கு, காலில் உள்ள வெடிப்பு, புண் வழியாகத் தொற்றும். வயலில் இறங்குவோருக்கும் தேங்கிய மழைநீரில் நடப்போருக்கும் இது பொருந்தும்.

உண்ணிக் காய்ச்சல்

இப்பருவத்தில் அதிகம் தவறவிடப்படும் நோய் இதுவே. மருத்துவத்தில் ஸ்க்ரப் டைபஸ் எனப்படும் இதற்குக் காரணம் ஓரியன்ஷியா சுட்சுகமுஷி என்னும் பாக்டீரியம். தமிழ்ப் பெயர் சற்றுத் தவறான எண்ணத்தைத் தரக்கூடியது. மாட்டின் மீதும் நாயின் மீதும் காணப்படும் உண்ணி இதைப் பரப்புவதில்லை. புதரிலும் புல்லிலும் வாழும், கண்ணுக்குப் புலப்படாத அளவு சிறிய ஒருவகைச் சிற்றுயிரியின் இளம்புழுப் பருவமே கடிக்கிறது. கடித்தது வலிப்பதில்லை. ஆகவே பூச்சி எதுவும் கடிக்கவில்லை என்று நோயாளி சொல்வதை வைத்து இந்நோயை விலக்கிவிட முடியாது.

இரண்டாம் உலகப்போரில் பர்மா, அசாம் போர்முனைகளில் படைவீரர்களை இந்நோய் வாட்டியது. அதனால் காட்டு நோய் என்ற எண்ணம் நீண்ட காலம் நிலவியது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்களின் தொடர் ஆய்வுகள், வட தமிழ்நாட்டின் சாதாரணக் கிராமங்களிலேயே இது பரவலாக உள்ளதைக் காட்டின. ஆகஸ்டு, செப்டம்பரில் கூடத் தொடங்கி, குளிர்ந்த மாதங்களில் உச்சம் அடைந்து, பிப்ரவரிக்குப் பின் குறைவது இதன் போக்கு.

கடிபட்ட ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் கடுங்காய்ச்சல், தலைவலி, உடல்வலி, சிலருக்கு இருமலும் வாந்தியும் தோன்றும். இவை டெங்கு, டைபாய்டு போன்றவற்றிலும் உண்டு. வேறுபடுத்தும் அடையாளம் ஒன்றே: கடிபட்ட இடத்தில், பீடியால் சுட்டது போன்ற சிறிய கருநிறப் பொருக்கு. அது வலிக்காது, அரிக்காது. அக்குள், தொடையிடுக்கு, இடுப்பில் துணி இறுகும் இடம், மார்பகத்தின் அடிப்பகுதி, காதின் பின்புறம் ஆகிய மறைவிடங்களிலேயே பெரும்பாலும் இருக்கும். எல்லோருக்கும் தோன்றுவதும் இல்லை.

பெண்களிடம் இப்பொருக்கு கண்ணில் படாமல் போவதற்கு வெட்கமும் ஒரு காரணம். சேலையை விலக்கி மருத்துவரிடம் காட்டத் தயங்குவர். அவசரத்தில் மருத்துவரும் கேட்காமல் விடுவது உண்டு. வீட்டில் தாயோ மகளோ பார்த்துச் சொல்லலாம். மருத்துவமனையில் செவிலியரிடம் காட்டலாம். ஒரு நிமிடம் கூட ஆகாத இந்தச் சோதனை, பல நாள் அலைச்சலைத் தவிர்க்கும்.

தொடக்கத்தில் கண்டறிந்தால் சிகிச்சை எளிது, செலவும் குறைவு. டாக்சிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின் மாத்திரை கொடுத்தால் பெரும்பாலோருக்கு இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். கருவுற்றோருக்கு அசித்ரோமைசின் தரப்படுகிறது. பென்சிலின் வகை மருந்துகளுக்கு இக்கிருமி கட்டுப்படாது; கடையில் தாமாக வாங்கி விழுங்கும் ஏதோ ஓர் ஆன்டிபயாட்டிக் வீணாவது இதனால்தான். இரண்டாம் வாரத்தைத் தாண்டினால் நுரையீரல், சிறுநீரகம், கல்லீரல், மூளை பாதிக்கப்பட்டு உயிருக்கு ஆபத்து நேரலாம். நோய் முற்றிய 794 பேரிடம் இந்திய மருத்துவமனைகளில் நடத்தப்பட்டு 2023இல் வெளியான ஆய்வு, இரு மருந்துகளையும் ஊசிவழி சேர்த்துக் கொடுப்பதே ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட மேலானது எனக் காட்டியது. வேலூர் மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு அது. இதற்குத் தடுப்பூசி இல்லை.

விறகு பொறுக்குதல், மாட்டுக்குப் புல் அறுத்தல், புதர் மறைவில் ஒதுங்குதல், புல்தரையில் படுத்தல், துணியைப் புதர்மீது உலர்த்துதல் ஆகியவற்றின் வழியே கடிபட வாய்ப்பு உண்டு. தறியை விட்டு எழாதவரும் வீட்டின் பின்புறப் புதரால் தொற்றுப் பெறலாம். முழங்கால் மறைய உடுத்தல், வேலை முடிந்து வந்ததும் சோப்பிட்டுக் குளித்தல், அணிந்த துணியைத் துவைத்தல், வீட்டைச் சுற்றிப் புதர் நீக்கி எலித்தொல்லை குறைத்தல் ஆகியவையே காப்பு.

சளி, மூச்சுத்திணறல்

மார்கழிப் பனியில் ஆஸ்துமா உள்ளோரும் முதியோரும் அவதிப்படுவர். போகியன்று டயர், பிளாஸ்டிக் எரிப்பது பனியோடு புகையையும் தாழ நிறுத்திவிடும். பழைய பாயையும் துடைப்பத்தையும் எரித்த காலத்துப் புகை வேறு, இது வேறு.

கிடைக்கும் உதவிகள்

ஆரம்ப சுகாதார நிலையங்களில் காய்ச்சலுக்கான சிகிச்சை இலவசம். மேல்சிகிச்சைக்கு வந்தவாசி, ஆரணி, செய்யாறு அரசு மருத்துவமனைகளும், திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உள்ளன. அவசர ஊர்திக்கு 108, மருத்துவ ஆலோசனைக்கு 104 ஆகிய எண்களை அழைக்கலாம். இரண்டுக்கும் கட்டணம் இல்லை. 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தம், நீரிழிவு மாத்திரைகள் வீட்டுக்கே வந்து தரப்படுகின்றன. மழையில் வெளியே செல்ல முடியாத முதியோருக்கு இது பெரிய உதவி. தகுதியுள்ள குடும்பங்கள், மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைப் பயன்படுத்தலாம். அட்டையை நோய் வருமுன்பே பெற்று வைத்திருப்பது அலைச்சலைக் குறைக்கும்.

மருத்துவமனைக்குச் செல்பவர் காய்ச்சல் தொடங்கிய நாள், ஏற்கெனவே உட்கொண்ட மாத்திரைகள், அண்மையில் வயல் அல்லது புதர்ப் பக்கம் சென்ற விவரம், உடலில் கண்ட பொருக்கு ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். மூன்று நாளுக்குள் தணியாத காய்ச்சலுக்குப் பரிசோதனை அவசியம். மூச்சு வாங்குதல், பிதற்றல், சிறுநீர் குறைதல், கண் மஞ்சளித்தல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் மூன்று நாள் வரை காத்திருக்காமல் அன்றே செல்ல வேண்டும்.