புளி போட்டுத் தேய்க்காதீங்க!

குட்டீஸ்... புதுச்சேரியில் உள்ள பாட்டி வீட்டுப் பெட்டியில் பழைய செப்புக்காசு இருக்கிறதா? ஒரு பக்கம் லில்லிப்பூ சின்னமும், மறுபக்கம் தமிழில் ஊர்ப் பெயரும் இருந்தால், அது பிரெஞ்சுக்காரர்கள் அடித்த துட்டு! 1837-இல் சேவல் உருவம் பொறித்த வெள்ளிப் பணமும் வெளியிட்டார்கள்.

'கறுத்துக் கிடக்கிறதே, பித்தளைக் குடம் மாதிரி புளி போட்டு விளக்கலாமா?' என்று தோன்றுகிறதா? கூடவே கூடாது!

காற்றில் இருக்கும் கந்தக வாயுவுடன் வெள்ளி சேரும்போது, அதன் மேல் மெல்லிய படலம் உண்டாகும். அதில் ஒளி பட்டால் பொன்னிறம், நீலம், ஊதா என்று பல நிறங்கள் தெரியும். மழைநீரில் சிந்திய பெட்ரோல் வானவில் காட்டுகிறதே, அதுபோலத்தான்! படலம் தடித்தால் கறுப்பாகிவிடும். இதற்கு 'டோனிங்' என்று பெயர்.

பழைய நாணயங்களுக்கு நிபுணர்கள் 1 முதல் 70 வரை தர எண் கொடுப்பார்கள். தேய்மானம், கீறல், மினுமினுப்பு ஆகியவற்றுடன், பார்க்க அழகாக இருக்கிறதா என்றும் கவனிப்பார்கள். இயற்கையாகப் படிந்த அழகிய நிறம் மதிப்பைக் கூட்டும். திட்டுத்திட்டான கறை குறைத்துவிடும். தேய்த்து விளக்கிய காசுக்கோ பெரும்பாலும் எண்ணே கிடைக்காது! புளியின் அமிலமும் தேய்ப்பும் காசின் மேல்பரப்பையே அரித்துவிடும். போன மினுமினுப்பு திரும்ப வராது.

கடற்கரை ஊரின் உப்புக் காற்றில் செப்புக்காசில் பச்சைக் களிம்பு ஏறலாம். அதனால் ஈரம் படாமல் மூடி வையுங்கள். எடுக்கும்போது விரல் படாமல் ஓரத்தைப் பிடியுங்கள். பாட்டியிடமும் சொல்லி வையுங்கள், சரியா?