ஏரியலின் மறுபாதி

திருச்சி வானொலி நிலையம் 1939ஆம் ஆண்டு மே 16ஆம் நாள் தொடங்கப்பெற்றது. அதற்குரிய மத்திய அலை 936 கிலோஹெர்ட்ஸ். அலைநீளம் ஏறத்தாழ 320 மீட்டர். அதில் கால் பங்கு 80 மீட்டர். நம் மலைக்கோட்டையின் உயரமும் ஏறக்குறைய அவ்வளவே! அத்துணை நீண்ட கம்பியைக் காரில் ஏற்றவியலுமா? பண்பலையாகிய 102.1 மெகாஹெர்ட்ஸுக்கோ கால் அலை 73 சென்டிமீட்டர்தான்.

கார்க் கூரையில் காந்த அடியால் ஒட்டி நிற்கும் ஏரியல் பெரும்பாலும் இத்தகைய கால் அலைக் கம்பியே. மாணவர் சிலர் அதனை, அலைகளைத் தேடிப் பிடிக்கும் ஸ்கேனர் கருவியுடன் இணைத்து, மொட்டைமாடிச் சுவரில் நிறுத்திவிட்டு, "சரியாகக் கேட்கவில்லையே" என வருந்துகின்றனர். கம்பி ஏரியலில் பாதிதான். மறுபாதி அதன் கீழுள்ள உலோகப் பரப்பு. கிடையாக வைத்த கண்ணாடியின்மேல் அரை வளையலை நிறுத்தினால் முழு வளையல் தோன்றுமன்றோ? அவ்வாறே கூரையில் பாயும் மின்னோட்டம் இல்லாத பாதியை ஈடுசெய்கிறது. காந்தம் பிடிமானத்துக்கு மட்டுமே. அலையை ஈர்ப்பது அதன் வேலையன்று.

இடையில் வண்ணப்பூச்சு இருக்கிறதே என்பீர்கள். பூச்சு மிக மெல்லியது. அடித்தட்டும் கூரையும் மின்தேக்கியின் இரு தகடுகள் போலாகி, உயர் அதிர்வெண் மின்னோட்டத்தைக் கடத்திவிடும்.

வீட்டிலாயின் இரும்புப் பீரோவின் உச்சி ஏற்ற இடம். எவர்சில்வர் தாம்பாளங்கள் பலவற்றில் காந்தம் ஒட்டாது. எனினும் பரப்பாக அவை உதவும், ஏரியல் சாயாதவாறு கட்டிவிட்டால் போதும். ஸ்கேனருக்கு அரசு உரிமம் தேவையா என்பதைக் கேட்டறிந்த பின்னரே வாங்குக. இடி மின்னல் வேளையில் மாடியிலுள்ள ஏரியலை முன்னதாகவே கழற்றிவிடுக.