இசை முடிந்தது, இரவு உணவு எங்கே?



இசை நிகழ்ச்சி முடிந்து அரங்கத்தின் கதவுகள் திறக்கும்போது மணி பத்தைத் தாண்டியிருக்கும். இளைய பிள்ளை தகப்பனின் தோளில் உறங்குகிறது. மூத்த பிள்ளை, "அம்மா, பசிக்கிறது" என்கிறது. கேட்ட பாடல்கள் இன்னும் காதில் ஒலித்துக்கொண்டிருக்க, கண்கள் மட்டும் சாலையின் இருபுறமும் திறந்திருக்கும் கடையைத் தேடுகின்றன. நகரத்தில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர்களே இந்த வேளையில் தடுமாறுகிறார்கள். அண்மையில் குடியேறிய குடும்பம் என்ன செய்யும்?

தென் அந்தமானில் உள்ள பெரார்கஞ்சிலிருந்து படிப்பிற்காகவோ வேலைக்காகவோ சென்னைக்கு வந்து சேர்ந்த ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். 1923 முதல் 1931 வரை அத்தீவுகளின் தலைமை ஆணையராக இருந்த பெரார் என்பவரின் பெயரைத் தாங்கிய ஊர் அது. இந்திய நேரம் 82.5 பாகைக் கிழக்கு நெடுங்கோட்டை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அந்தமானோ ஏறத்தாழ 92.7 பாகையில் இருக்கிறது. ஆகையால் கடிகாரம் காட்டுவதைவிட ஏறக்குறைய நாற்பது நிமிடம் முன்னதாகவே அங்கே சூரியன் உதித்து மறைகிறது. டிசம்பர் மாதத்தில் மாலை ஐந்து மணியளவிலேயே இருள் கவியத் தொடங்கிவிடும். இருட்டியவுடன் வீடு திரும்பி, உண்டு, உறங்கிப் பழகியவர்களுக்கு, இரவு பத்து மணிக்கு நகரத்துச் சாலையில் பசியோடு நிற்பது முற்றிலும் புதிய அனுபவம். தேனி, தென்காசிப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து வந்தவர்களுக்கும் இது பொருந்தும்.

இக்கட்டுரை சொல்ல வருவது ஒன்றுதான். நிகழ்ச்சிக்குப் பின் எங்கே உண்பது என்பதை நிகழ்ச்சிக்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். பசியும் களைப்பும் சேர்ந்து தெரிந்தெடுக்கும் உணவு, பெரும்பாலும் நல்ல உணவாக இருப்பதில்லை.

பழைய வழக்கம்

இரவில் கடை வைத்து உணவு விற்பது தமிழருக்குப் புதிதன்று. பகல் சந்தைக்கு நாளங்காடி என்றும் இரவுச் சந்தைக்கு அல்லங்காடி என்றும் நம் முன்னோர் தனித்தனிப் பெயர் வைத்திருந்தார்கள். மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி, மதுரையின் இரவை யாமம் யாமமாக வருணிக்கிறது. அடையும் மோதகமும் விற்கும் கூவியர் தம் கடையிலேயே கண்ணயர்வதையும், திருவிழாவில் ஆடிய கூத்தர் ஓய்ந்து உறங்குவதையும் அப்புலவர் அடுத்தடுத்துச் சொல்கிறார். கலை முடியும் நேரமும் அடுப்பு அணையும் நேரமும் அன்றே அருகருகே இருந்தன. இன்றும் 'தூங்கா நகரம்' என்று பெயர் பெற்ற மதுரையில், இரவு நெடுநேரம் சென்றும் சூடான இட்லியும் கறித்தோசையும் கிடைக்கின்றன.

சென்னையின் நிலை

சென்னையின் வழக்கம் சற்று வேறானது. மார்கழி இசை விழாவின்போது சபாக்களின் வளாகத்திலேயே உணவகம் நடைபெறும். 1928இல் தொடங்கப்பட்ட மியூசிக் அகாடமி முதல் தியாகராய நகரின் கிருஷ்ண கான சபா வரை, கச்சேரிக்கு வருவோரில் பலர் சிற்றுண்டிக்காகவும் வருகிறார்கள் என்பது அனைவரும் அறிந்ததே. ஆயினும் அனுபவமுள்ள இரசிகர்கள் கச்சேரி முடியும்வரை காத்திருப்பதில்லை. இரு கச்சேரிகளுக்கு இடைப்பட்ட நேரத்திலேயே உண்டு முடித்துவிடுவார்கள். நாம் கற்றுக்கொள்ளத்தக்க பழக்கம் இது. மாலை ஆறு மணிக்கு நான்கு இட்லி உண்ட பிள்ளை, இரவு பத்து மணிக்கு ஒரு குவளைப் பாலோடு உறங்கிவிடும்.

முன்னதாக உண்ண இயலாதவர்கள் இடத்தை அறிந்து திட்டமிட வேண்டும். காமராஜர் அரங்கம், நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானம் போன்றவை நகரின் நடுவில், மெட்ரோ இரயில் பாதையை ஒட்டி இருக்கின்றன. எழும்பூர் இரயில் நிலையத்திற்கு எதிரே உள்ள கென்னட் சந்து, சென்ட்ரல் நிலையத்தின் சுற்றுப்புறம், விடுதி அறைகள் நிறைந்த திருவல்லிக்கேணி ஆகிய இடங்களில் பயணிகளையும் தனித்து வாழும் இளைஞரையும் நம்பியே உணவகங்கள் நடக்கின்றன. ஆகையால் குடியிருப்புப் பகுதிகளைவிட அங்கே நேரம் கடந்தும் அடுப்பு எரியும். கோயம்பேடு மொத்தச் சந்தைக்குக் காய்கறி லாரிகள் இரவில்தான் வந்து சேருகின்றன. சுமை இறக்கும் தொழிலாளருக்காக அங்கே தேநீரும் சிற்றுண்டியும் கிடைக்கும். பொதுவாகச் சொன்னால், இரவில் வேலை நடக்கும் இடத்தில் இரவில் உணவும் உண்டு.

1960களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர் கொண்டுவந்த அத்தோவை, கடற்கரை இரயில் நிலையத்தை அடுத்த தெருக்களில் மாலை முதல் விற்கிறார்கள். நூடுல்ஸ், முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், புளிச்சாறு ஆகியவற்றைக் கையால் பிசைந்து, வாழைத்தண்டுச் சாற்றோடு தருவார்கள். ஊரிழந்து வந்தவர்கள் பிழைப்பிற்காகத் தொடங்கிய கடை, நகரத்தின் சொந்த உணவாகிவிட்டது. குடிபெயர்ந்து வாழும் நமக்கு அது ஊக்கம் தரும் செய்தி அல்லவா?

கடைகள் திறந்திருப்பதற்குச் சட்டமும் இப்போது இடம் தருகிறது. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர் உள்ள கடைகளும் நிறுவனங்களும் நாள் முழுவதும் இயங்கலாம் என்று தமிழக அரசு 2019 ஜூன் மாதத்தில் அனுமதித்தது. பின்னர் அவ்வனுமதி நீட்டிக்கப்பட்டது. ஆனால் அனுமதி இருப்பதால் எல்லாக் கடைகளும் திறந்திருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். போகுமுன் தொலைபேசியில் கேட்டுக்கொள்வது நல்லது.

ஊருக்கு வெளியே நடந்தால்

பெரிய இசை நிகழ்ச்சிகள் பல, இப்போது நகரின் எல்லைக்கு அப்பால் நடக்கின்றன. 2023 செப்டம்பர் 10 அன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் பனையூரில் நடந்த ஏ.ஆர்.ரகுமானின் 'மறக்குமா நெஞ்சம்' நிகழ்ச்சியை நினைத்துப் பாருங்கள். அளவுக்கு மீறிய கூட்டத்தால் நுழைவுச்சீட்டு வைத்திருந்த பலர் உள்ளே செல்லவே முடியவில்லை. பெண்களும் குழந்தைகளும் நெரிசலில் தவித்தார்கள். சாலையில் வாகனங்கள் நகராமல் நின்றன. இத்தகைய நிலையில் பத்துக் கிலோமீட்டர் தொலைவிலுள்ள நல்ல உணவகம் இருந்தும் இல்லாததற்குச் சமம்.

எனவே புறநகர் நிகழ்ச்சிக்குச் செல்லும் குடும்பம் கட்டுச்சோற்றை மறக்கலாகாது. மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி, புளிச்சோறு, சப்பாத்தி ஆகியவை இரயில் பயணத்தில் நம்மை ஏமாற்றாதவை, இங்கும் ஏமாற்றமாட்டா. தேங்காய்ச் சட்டினியும் தயிர்ச்சோறும் வெப்பத்தில் விரைவில் கெடும், அவற்றைத் தவிர்த்துவிடுங்கள். அரங்கத்திற்குள் உணவை அனுமதிக்காவிட்டால் வாகனத்திலேயே வைத்திருங்கள்.

எதை உண்பது?

இரவு உணவில் சுவையைவிடப் பாதுகாப்பே முதன்மையானது. 2023 செப்டம்பர் மாதத்தில் நாமக்கல்லில் உணவகத்து ஷவர்மாவை உண்ட 14 வயதுச் சிறுமி உயிரிழந்த செய்தி, பெற்றோர் யாவரையும் கலங்கச் செய்தது. பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்தது. பிள்ளைகள் விரும்பிக் கேட்கிறார்கள் என்பதற்காக நள்ளிரவில் எதையும் வாங்கித் தந்துவிடக் கூடாது.

சமைத்த உணவு ஆறி, ஏறத்தாழ 5 முதல் 60 பாகை செல்சியஸ் வெப்பத்தில் கிடக்கும்போது கிருமிகள் விரைந்து பெருகுகின்றன. அந்த நிலையில் இரண்டு மணி நேரத்திற்கு மேல் இருந்த உணவு நம்பத்தக்கதன்று. சோற்றில் வளரும் ஒருவகை நுண்ணுயிர் உண்டாக்கும் நஞ்சு, மீண்டும் சூடாக்கினாலும் அழிவதில்லை. மதியம் வடித்த சோற்றை இரவில் பொரித்துத் தந்தால் மணம் மாறலாம், ஆபத்து மாறாது.

ஆகையால் உங்கள் கண்முன் வெந்து இறங்கும் உணவையே கேளுங்கள். ஆவி பறக்கும் இட்லி, கல்லில் வார்த்த தோசை, அப்போதே தட்டிப்போட்ட பரோட்டா, கொதித்துக்கொண்டிருக்கும் சால்னா ஆகியவை நல்லவை. மூடாத சட்டினியையும் நறுக்கி வைத்த பழத்தையும் ஒதுக்குங்கள். உரிமம் பெற்ற உணவகத்தில் 14 இலக்க எண் எழுதிய சான்றிதழ் கண்ணில் படும்படி மாட்டப்பட்டிருக்க வேண்டும். கூட்டம் வந்துபோகும் கடையில் உணவு தேங்குவதில்லை என்பதையும் கவனியுங்கள்.

நேரத்தையும் பணத்தையும் கணக்கிடுங்கள். மெட்ரோ இரயில் இரவு 11 மணியளவில் நின்றுவிடும். 2013இல் அரசு நிர்ணயித்த கட்டணத்தின்படி, இரவு 11 முதல் காலை 5 மணி வரை ஆட்டோவுக்கு ஒன்றரை மடங்கு தரவேண்டும். அரங்கத்தின் அருகே அரைமணி நேரம் மேசைக்காகக் காத்திருப்பதைவிட, உங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள நிலையத்தில் இறங்கி உண்பது பலவகையிலும் நலம்.

இவை எதுவும் அமையாவிட்டால் கவலைப்படாதீர்கள். புறப்படுமுன் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு பாத்திரம் தோசை மாவு வைத்துவிட்டுச் செல்லுங்கள். வீட்டிற்குத் திரும்பிய கால்மணி நேரத்தில் அனைவரும் உண்டு முடிக்கலாம். ஆனால் அந்தத் தோசையைத் தாயாரே சுட வேண்டும் என்பதில்லை. அவரும் உங்களோடு நிகழ்ச்சிக்கு வந்து களைத்தவர்தாம். தகப்பனோ வளர்ந்த பிள்ளையோ அன்று கரண்டியைப் பிடிக்கட்டும்.

பரிமாறுகிறவரும் நம்மவரே

இறுதியாக ஒரு வேண்டுகோள். இரவு பதினொரு மணிக்கு உங்களுக்குத் தோசை வார்ப்பவர் யார் என்று பாருங்கள். அவரும் எங்கோ ஓர் ஊரிலிருந்து பிழைப்பைத் தேடி வந்தவராயிருக்கலாம். அவர் பிள்ளை அவரைக் காணாமலே உறங்கியிருக்கலாம். கடை மூடும் நேரத்தில் நுழைந்து, "இன்னும் வரவில்லையா?" என்று அதட்டலாமா? சற்றுமுன் பாடல்களில் அன்பைக் கேட்டு உருகிய நாம், அடுத்த அரைமணி நேரத்தில் ஒரு தொழிலாளியிடம் கடுஞ்சொல் பேசினால் அந்தப் பாடல்களால் நமக்கு என்ன பயன்? அடுப்பை அணைத்துவிட்டோம் என்று அவர் சொன்னால் முகம் சுளிக்காமல் திரும்புங்கள். உணவு தந்தால் நன்றி சொல்லுங்கள். உங்கள் பிள்ளைகளையும் சொல்லச் செய்யுங்கள்.

அடுத்த நிகழ்ச்சிக்கு நுழைவுச்சீட்டு வாங்கும் நாளிலேயே, அன்றைய இரவு உணவைப் பற்றியும் குடும்பமாக உட்கார்ந்து பேசிவிடுங்கள்.