விதை வலிக்குச் சுண்ணாம்பு போதாது

டீ ஆறுவதற்குள் ஒரு விஷயம் பேசிவிடுவோம். ஆண்கள் வெளியே சொல்லக் கூசும் விஷயம். அந்தக் கூச்சத்திலேயே பலருக்கு நாள் கடந்து நோய் முற்றிவிடுகிறது.

ஒரு பக்க விதையில் வலி. நடந்தால் அடிவயிறு வரை இழுக்கிறது, பைக்கில் உட்கார முடியவில்லை, சிறுநீர் போகும்போது எரிகிறது. வீட்டில் சொன்னால் 'சூடு பிடிச்சிருக்கு' என்பார்கள். கால் பெருவிரலில் சுண்ணாம்பு தடவி, ஊறவைத்த வெந்தயமும் இளநீரும் கொடுப்பார்கள். இளநீர் குடிப்பதில் தப்பில்லை. ஆனால் உள்ளே புகுந்த கிருமி அதற்கெல்லாம் போகாது.

விதையின் பின்பக்கத்தை ஒட்டி ஒரு மெல்லிய குழாய் சுருண்டு கிடக்கிறது. பெயர் எபிடிடிமிஸ். பிரித்து நீட்டினால் சுமார் 6 மீட்டர், ஒரு சேலை நீளம் வரும். விதையில் பிறக்கும் விந்தணு இதற்குள் ஊர்ந்து வரும்போதுதான் முதிர்ந்து நீந்தக் கற்கிறது. சிறுநீர்ப் பாதையில் நுழைந்த கிருமி, விந்து வெளியே வரும் வழியிலேயே பின்னோக்கி ஏறி இங்கே தங்கிவிட்டால் குழாய் வீங்கிவிடும். முதலில் விதையின் பின்புறம் மட்டும் தடித்து, தொட்டாலே சுள்ளென்று வலிக்கும். பிறகு வீக்கம் விதைக்கும் பரவும். தோல் சிவக்கும், காய்ச்சல் வரும்.

கிருமி எது என்பதை வயது ஓரளவு சொல்லிவிடும். 35-க்குக் கீழே என்றால் பெரும்பாலும் உடலுறவில் தொற்றும் கிளமிடியா, கொனோரியா. அதற்கு மேல், பிராஸ்டேட் வீங்கிச் சிறுநீர் தேங்குபவர்களுக்கும் சிறுநீர் போக டியூப் போட்டவர்களுக்கும் பெரும்பாலும் வருவது குடலில் வாழும் ஈ.கோலி. நம் ஊரில் காசநோயையும் மறக்கக் கூடாது. வலி அதிகமில்லாமல் கட்டி கெட்டியாகிக்கொண்டே போய், சாதாரண மருந்துக்கு அடங்காவிட்டால் டாக்டர் அந்தக் கோணத்திலும் பார்ப்பார்.

டாக்டரிடம் போனால் சிறுநீர்ப் பரிசோதனை, தேவைப்பட்டால் டாப்ளர் ஸ்கேன். பால்வினைக் கிருமி என்று தோன்றினால் செஃப்ட்ரியாக்சோன் ஊசி ஒன்று, கூடவே டாக்ஸிசைக்ளின் மாத்திரை 10 நாள் என்பது வழக்கமான சிகிச்சை. ஈ.கோலிக்கு மருந்து வேறு. அதனால்தான் மெடிக்கல் ஷாப்பில் நாலு மாத்திரை கேட்டு வாங்கிப் போடாதீர்கள் என்கிறேன். வலி பொதுவாக மூன்று நாளில் தணியத் தொடங்கும். தணியாவிட்டால் மறுபடி டாக்டரிடம் போக வேண்டும். வலி போனதும் மாத்திரையை நிறுத்துவதுதான் பலர் செய்யும் பெரிய தப்பு. வீக்கம் முழுக்க வடிய வாரக்கணக்கில் ஆகும், அதற்குப் பயப்பட வேண்டாம்.

படுத்திருக்கும்போது விதைப்பைக்குக் கீழே மடித்த துண்டு வைத்து உயர்த்துங்கள். எழுந்து நடக்கும்போது தாங்கிப் பிடிக்கும் ஜட்டி போடுங்கள். தாத்தாக்கள் கட்டிய லங்கோடு இதற்கு அருமையானது. சுடு ஒத்தடம் வேண்டாம். ஐஸைத் துணியில் சுற்றிச் சிறிது நேரம் வையுங்கள்.

பால்வினைக் கிருமி என்றால் மனைவிக்கும் சிகிச்சை வேண்டும். சொல்லச் சங்கடம்தான். சொல்லாவிட்டால் கிருமி இருவருக்குள்ளும் மாறி மாறி வரும், அவர் கருக்குழாயும் கெடலாம். இருவருக்கும் சிகிச்சை முடியும்வரை உறவைத் தள்ளி வையுங்கள்.

இவ்வளவும் கிருமியால் வரும் வலிக்கு. இதே இடத்தில், இதே போல வலிக்கும் இன்னொன்று உண்டு: விதை முறுக்கிக்கொள்வது. ரத்தம் போகும் தண்டு திருகி, விதைக்கு ரத்தம் நின்றுவிடும். பெரும்பாலும் பதின்வயதுப் பையன்களுக்கு வரும். வலி திடீரென்று வரும், வாந்தியும் சேரலாம். சுமார் 6 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சையில் முறுக்கை எடுத்தால் விதை பெரும்பாலும் பிழைக்கும், தாமதித்தால் அகற்ற நேரலாம். விதையைத் தூக்கிப் பிடித்தால் வலி குறைகிறதே, கிருமிதான் என்று வீட்டிலேயே முடிவு கட்டாதீர்கள். அந்தச் சோதனை நம்பகமானதல்ல.

எனவே பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். வெட்கப்படாமல் எங்களிடம் சொல் என்று பையனிடம் இப்போதே சொல்லி வையுங்கள். நடு ராத்திரியில் அவன் விதை வலிக்கிறது என்றால் விடியட்டும் என்று இருக்காமல், அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு அப்போதே கூட்டிப் போங்கள்.