பிரிந்த பெற்றோர்... பிள்ளை யார் பொறுப்பு?

ஞாயிறு மாலை 5 மணிக்குள் பிள்ளையைத் திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும். விவாகரத்தான அப்பாக்கள் பலருக்கும், அம்மாக்கள் சிலருக்கும் வாரம் இப்படித்தான் முடிகிறது. பிள்ளை ஒருவரிடம், மற்றவருக்குச் சில மணி நேரச் சந்திப்பு. குடும்பநல நீதிமன்றங்களில் வழக்கமாகக் கிடைக்கும் உத்தரவு இது.

இருவரும் சேர்ந்து பொறுப்பேற்கும் 'கூட்டு கஸ்டடி' கேட்க முடியாதா? கேட்கலாம், தடை இல்லை. ஆனால் அதற்கென்று சட்டத்தில் தனிப் பிரிவும் இல்லை. 2015-ல் சட்ட ஆணையம் தன் 257-வது அறிக்கையில் இதைப் பரிந்துரைத்தது. அதன்படி சட்டம் திருத்தப்படவில்லை.

நம் சட்டம் இதிலெல்லாம் நிதானம்தான்! இந்துக் குழந்தையின் இயற்கைப் பாதுகாவலர் தந்தை, 'அவருக்குப் பிறகு' தாய் என்கிறது 1956-ம் ஆண்டுச் சட்டம். 1984-ல் எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தன் மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்க விண்ணப்பித்தார். தந்தையின் கையெழுத்து வேண்டும் என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. 'பிறகு' என்றால் தந்தை இறந்த பிறகு என்று மட்டும் பொருளல்ல, அவர் பொறுப்பில் இல்லாதபோதும் தாயே பாதுகாவலர்தான் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1999-ல்.

2020-ல் இன்னொரு தீர்ப்பில், பிள்ளை தன்னிடம் இல்லாத பெற்றோருக்கும் தினமும் 5, 10 நிமிடம் பேசும் உரிமை வேண்டும் என்றது அதே நீதிமன்றம். வீடியோ கால் போதும், அதற்கு.

பரஸ்பர சம்மதத்தில் பிரிபவர்கள் மனுவிலேயே எல்லாவற்றையும் எழுதிக்கொள்வது நல்லது. பள்ளி நாள்களில் யார் வீடு, கோடை விடுமுறையை எப்படிப் பிரிப்பது, பொங்கல் யாரிடம், தீபாவளி யாரிடம், ஃபீஸில் யாருக்கு எவ்வளவு, ஆபரேஷன் என்றால் யார் கையெழுத்து... 'அப்புறம் பேசிக்கலாம்' என்று விட்டதுதான் பின்னால் வழக்காகிறது. இரண்டு வீடும் பள்ளிக்கு அருகில் இருந்தால்தான் வாரம் மாற்றி வாரம் சரிப்படும். ஒரு வீடு தாம்பரத்திலும் இன்னொன்று அம்பத்தூரிலும் இருந்தால் அலைவது பிள்ளைதான். பிள்ளை வளர வளர உத்தரவை மாற்றக் கேட்கவும் வழியுண்டு.

'பணம் தரவில்லை, பிள்ளையைக் காட்டமாட்டேன்', 'காட்டவில்லை, பணம் தரமாட்டேன்' இரண்டுமே தவறு. ஜீவனாம்சம் வேறு, சந்திப்பு வேறு.

அடி, உதை இருந்த வீடுகளுக்கு இந்தப் பங்கீடு பொருந்தாது. சந்திப்பு பிள்ளைக்குத் தீங்கு என்று மாஜிஸ்திரேட் கருதினால், 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி அதை மறுத்தே ஆக வேண்டும்.

விவரம் தெரிந்த பிள்ளை என்றால் நீதிபதி தன் அறைக்கு அழைத்துத் தனியாகப் பேசுவதுண்டு. பெற்றோர் இருவரும் அப்போது வெளியில்தான் நிற்க வேண்டும்.